சரிங்க சொல்லும் கிடாய்கள்

மயிலாத்தாள் வளர்த்த கிடாய்கள் பேசத் தொடங்கியதால் கல்லேரிப்பாளையத்தில் யாருக்கும் எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. சொல்லப்போனால் ரொம்ப நாளாக இருந்த ஒரு சிரமம் தீர்ந்தது. கருப்பணசாமிக்குக் கிடாய் வெட்ட வேண்டுமென்றால் அதற்கு மாலை போட்டு நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, அது உடம்பை உதறித் துலுக்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, கிடாயும் சம்மதித்தாயிற்று. துலுக்காமல் நின்றால் வெட்டக் கூடாது, உலை கொதித்து வற்றினாலும் கூடாது, வந்த சம்பந்தி வீட்டார் பசியில் எழுந்து போனாலும் கூடாது. அப்படித்தான் ஒரு வருடம் காலை ஏழு மணிக்கு நிறுத்திய கிடாய் மத்தியானம் மூன்று மணிவரை கல்லுப்போல நின்று, உன் வீட்டுத் தீட்டுத்தான் காரணம், உன் வீட்டுத் தீட்டுத்தான் காரணம் என்று இரண்டு பங்காளி வீடுகள் கரண்டியால் அடித்துக்கொண்டன. அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

மயிலாத்தாளின் புருஷன் நாட்ராயன், தென்னையில் வெள்ளை ஈ விழுந்த வருடம் தோப்பில் பாதி மரத்தை வெட்டித் தள்ளி, ஜல்லி பரப்பி, கரண்டு இழுத்து, தண்ணீர்க் குழாய் போட்டு, கேரவன் வண்டிகள் வந்து தங்கும் கேம்ப் ஒன்றைத் தொடங்கியிருந்தான். வீடே வண்டியில் வருவதால் ஊர்க்காரர்கள் அவற்றை ஊட்டு வண்டி என்பார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ், கண்ணாடி எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு வண்டியில் ஏற்ற முடியாத ஒன்றுதான் தேவையாக இருந்தது, அது ஆடுமாடு. ஆகவே வாசல் பலகையில் 'பழகிய பிராணிகள் உண்டு' என்று எழுதி வைத்தான். பொய்யில்லை. கேட்டதும் வந்து தோளில் மோவாயை வைக்கும் கழுதையும், செருப்புக்குப் பின்னாலேயே நடக்கும் வான்கோழியும், மடியில் தலை சாய்த்துக் கண் சொக்கும் ஆடுகளும் அங்கே இருந்தன. எல்லாம் மயிலாத்தாள் புட்டிப்பால் கொடுத்து, ஒரு அடி அடிக்காமல் வளர்த்தவை. அடி வாங்காத பிராணிக்குப் பயப்படத் தெரியாது. காலையில் விருந்தாளிகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள், பத்து மணி வாக்கில் நாட்ராயனைத் தனியே கூப்பிட்டு, "இதுல எதுங்க இளசு?" என்று கேட்பார்கள். மற்றவர்கள் வளர்த்த கிடாயைக் கயிறு போட்டு இழுக்க வேண்டும். மயிலாத்தாளின் கிடாய், அரிவாளோடு போகிறவன் பின்னால் புண்ணாக்குக் கிடைக்கும் என்று தானே நடந்து போகும்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெட்டுகிற மாரண்ணன் ஒரு கறுப்புக் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, வழக்கம்போல, "கருப்பா, உத்தரவு குடு சாமி" என்றான். கிடாய் கழுத்தை லேசாகச் சாய்த்து, மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து, "சரிங்க" என்றது.

"ஆரது சத்தம் போட்டது?" என்று கேட்டார் பெரியதோட்டத்து ரங்கசாமி. ஊரில் நல்லது கெட்டதுக்கு முடிவு சொல்கிறவர் அவர்.

"கெடாதானுங்க," என்றான் மாரண்ணன்.

"என்னன்னு?"

"சரிங்கன்னு."

"பொறவு என்னத்துக்கு அருவாளப் புடிச்சுட்டு நிக்கற? வெட்டு."

அதற்கடுத்த கிடாயும் சரிங்க என்றது, அதற்கடுத்ததும். மயிலாத்தாள் வளர்த்தவை மட்டும் சொல்லின. மற்ற வீட்டுக் கிடாய்கள் பழையபடி கத்திக்கொண்டுதான் செத்தன. ஊர் ஒரு மாதத்துக்குள் இதைத் தன் நாள்பட்ட வழக்கம்போல எடுத்துக்கொண்டது. காதுகுத்து வைக்கிறவர்களும் வேண்டுதல் பாக்கி உள்ளவர்களும் நாட்ராயன் பட்டிக் கிடாய்தான் வேண்டும் என்று மூன்று மாதம் முன்னாலேயே சொல்லி வைத்தார்கள். மாட்டு டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, 'தொண்டை ஆரோக்கியமாக உள்ளது' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போய்வருகிற ஒருவர், இரண்டு சாட்சி முன்னிலையில் சொன்னால் அது செல்லும் என்றார். பாவம் என்று பதினொரு வருடமாகக் கறி தின்னாமல் இருந்த உடுமலைக்காரர் ஒருவர் பஸ் ஏறி வந்து, கிடாயின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "நெசமாலுமே உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டு, அது சரிங்க என்றதும் கண் கலங்கி அதன் நெற்றியில் முத்தமிட்டு, அன்று மத்தியானமே இரண்டு தட்டு தின்றுவிட்டுத்தான் போனார். கேரவனில் வந்தவர்கள் வரிசையில் நின்று, "பிரியாணியா, வறுவலா?" என்று கேட்டு, கிடாய் சரிங்க என்பதைப் படம் பிடித்தார்கள்.

நாக்குக்குத்தான் அடிதடி. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பேசுகிற கிடாயின் நாக்கை அவித்துக் கொடுத்தால் பேச்சு வரும் என்று யாரோ ஒருத்தி சொல்ல, கொடுத்துப் பார்த்தார்கள், வந்தது. பிள்ளைகள் முதல் சொல்லாக சரிங்க என்றன. இரண்டாவது சொல்லும் அதுவாகத்தான் இருந்தது, மூன்றாவதும். பெற்றவர்கள் பூரித்துப் போனார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார், நன்றாகப் பேசுகிற பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா என்று விசாரித்தார்.

அது யாருடைய குரல் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுப்படியிலிருந்தும் தொழுவத்திலிருந்தும் துணி துவைக்கிற கல்லிலிருந்தும் இருபத்துநான்கு வருடமாகக் கேட்டுப் பழகிய குரல், பழகிய குரலை எவன் காதில் போட்டுக்கொள்கிறான்? மயிலாத்தாளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்தக் கழுத்துச் சாய்ப்பு அவளுடையது, அந்த மூச்சு இழுப்பு அவளுடையது, கடைசியில் 'ங்க'வில் இறங்குகிற இறக்கமும் அவளுடையதுதான். பெண் பார்க்க வந்தபோது சரிங்க என்றவள். போட்டுவந்த நகையைக் கழற்றி ஜல்லிக்கும் குழாய்க்கும் கொடு என்றபோது சரிங்க என்றவள். அப்பன் செத்துப்போன சேதி வந்த அன்று, "நாலு வண்டி வந்து நிக்குது, சமைச்சு வெச்சுட்டு சாயந்தரமாப் போ" என்றபோதும் சரிங்க என்று சொல்லிவிட்டு, சமைத்து வைத்து, போய்ச் சேரும்போது சுடுகாட்டில் சாம்பல் ஆறிக் கிடந்தது. கிடாய்கள் எதற்கும் சம்மதிக்கவில்லை. பிறந்ததிலிருந்து தங்களைத் தொட்டு வளர்த்தவளின் வாயிலிருந்து அவை கேட்ட ஒரே சொல் அதுதான். கேட்டதைச் சொல்லின.

ஒரே ஒருமுறை அவள் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, அதுக என்ற வாயப் பாத்துச் சொல்லுதுங்க. அதுகளுக்கு அர்த்தம் தெரியாதுங்க."

நாட்ராயன் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டான். "ஏன், நீ அர்த்தம் தெரியாமத்தான் சொல்றயா?"

"இல்லீங்க."

"அப்ப அதுகளுக்கும் தெரியும். போய் வேலையப் பாரு."

"சரிங்க," என்றாள். பட்டிக்குள்ளிருந்து நாலைந்து குரல்கள் சரிங்க என்றன.

அவளுக்கென்று இருந்தது ஒரு கிடாய், கண்ணு. அப்பனின் சாம்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பட்டியில் ஒரு ஆடு ஈன்றுவிட்டுச் செத்துக் கிடந்தது, ஈரத்தோடு குட்டி நடுங்கிக் கிடந்தது. அதை மடியில் போட்டுத் துடைத்தபோதுதான் அப்பனுக்காக அவளுக்கு அழுகை வந்தது. விருந்தாளிகள் கண்ணில் படாமல் பின்கொட்டகையில் கட்டி, கால் நொண்டி என்று பொய் சொல்லி, ஒன்றேகால் வருடம் வளர்த்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷனிடம் அவள் கேட்டதும் அது ஒன்றுதான். "இத மட்டும் உட்ருங்க." நாட்ராயன், "பாக்கலாம்" என்றான். அந்த வீட்டில் பாக்கலாம் என்றால், யாராவது கேட்கிற வரைக்கும் என்று அர்த்தம்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை கௌதமனின் வெள்ளை கேரவன் பெங்களூரிலிருந்து வந்து தோப்பில் நின்றது. அவனுக்கும் குலதெய்வம் கருப்பணசாமிதான். மகள் மிதுலாவுக்கு எட்டு வயது கடந்தும் காது குத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை குத்தி, கிடாய் வெட்டி, சொந்தபந்தங்களுக்கு விருந்து வைத்துவிட்டுப் போக வந்திருந்தான். வந்த அன்றே மிதுலா பின்கொட்டகைக்குப் போய்க் கண்ணுவைக் கண்டுபிடித்துவிட்டாள். விளையாடுகிறாயா என்றாள், சரிங்க என்றது. என்னைத்தான் ரொம்பப் பிடிக்குமா என்றாள், சரிங்க என்றது. சாயந்தரம்வரை அதன் காதுக்குள் ரகசியம் பேசி, தன் ரிப்பனை அவிழ்த்து அதன் கொம்பில் கட்டி, பிறகு அப்பனிடம் ஓடிப்போய், "அப்பா, எனக்கு இதுதான் வேணும்" என்றாள்.

"வளக்கறதுக்கா அம்முணி? வண்டியில எடம் இல்லையே."

"வளக்கறதுக்கு இல்லப்பா, சண்டேக்கு. நான் அதுகிட்டக் கேட்டுட்டேன். சரிங்கன்னு சொல்லிருச்சு."

நாட்ராயன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். "ஞாயித்துக்கெழமைக்கு உன்ற கண்ணுவத்தான் கேக்கறாங்க மயிலா." அவள் திரும்பக்கூட இல்லை, மாவில் இருந்த கையை எடுக்கக்கூட இல்லை, அதற்குள் வாயிலிருந்து அது வந்து விழுந்துவிட்டது. "சரிங்க." விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்போது தன் வாயின்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு, இருபத்துநான்கு வருடத்தில் புருஷன்மேல் வந்ததைவிடப் பெரியது.

தன் வாயை நம்ப முடியாது என்று ஆன பிறகு கண்ணுவின் வாய் ஒன்றுதான் மிச்சம். கிடாய் சம்மதிக்காமல் வெட்டக் கூடாது என்பது கருப்பணசாமியின் சட்டம். நாட்ராயனாலும் அதை மீற முடியாது, ரங்கசாமியாலும் முடியாது. சரிங்க என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிராணி இன்னொரு சொல்லையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு முதலில் அந்தச் சொல்லை ஒருத்தி சொல்லிக் காட்ட வேண்டும். பட்டியில் சொல்ல முடியாது, கேட்க நாற்பது காது. அடுப்படியில் வாய் வராது.

கௌதமன் குடும்பம் காலையில் கார் பிடித்து அணைக்கட்டு, அருவி என்று பார்க்கப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்பும். வண்டியைக் கூட்டித் துடைக்கச் சாவி அவளிடம் இருந்தது. கண்ணுவைப் படியேற்றி உள்ளே விட்டு, தரையில் சாக்கு விரித்து, ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்தினாள். வெளிச்சத்தம் அப்படியே நின்றுபோனது. கை கழுவும் தொட்டிக்கு மேலே முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உதட்டைச் சேர்த்து, 'மா' என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. கண்ணு அண்ணாந்து பார்த்து, 'மே' என்றது. வியாழக்கிழமை கேட்டார்கள், வெள்ளிக்கிழமை முழுக்க இதுதான் நடந்தது, அவள் மா என்பதும் அது மே என்பதும். சனிக்கிழமை, தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது, அப்பனின் ஆறிய சாம்பலை நினைத்தாளோ என்னவோ, ஒரு கிசுகிசுப்பாக, காற்றுப் போவதுபோல, "மாட்டேன்" என்றாள். அவள் கிசுகிசுத்ததைக் கண்ணு முழுத் தொண்டையில் திருப்பிச் சொன்னது. ஆட்டுக்கு அந்தச் சொல்லில் பாதி பிறவியிலேயே தெரியும். மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இன்னொருதரம் சொல்லச் சொன்னாள், சொன்னது. பத்துதரம் சொன்னது.

ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. அந்த மூடிய வண்டிக்குள் அவளுக்கு எதிரில் மரியாதை கொடுக்க ஆள் யாரும் இல்லை. ஆகவே அவள் சொன்ன சொல்லில் 'ங்க' இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோப்பை ஒட்டிய கருப்பணசாமி கோயிலில் மிதுலாவுக்குக் காது குத்தியாயிற்று. இரண்டு காதிலும் மஞ்சள் தடவி, கையில் மிட்டாயோடு அவள் முன்வரிசையில் நின்றாள். கண்ணுவுக்கு மாலை போட்டார்கள். மாரண்ணன் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, "கருப்பா, உத்தரவு குடு சாமி" என்றான். கௌதமன் செல்போனை உயர்த்தினான்.

"மாட்டேன்," என்றது கண்ணு.

மாரண்ணன் இன்னொரு கை தண்ணீர் தெளித்தான். "மாட்டேன்," என்றது, முன்னதைவிடச் சத்தமாக. கூட்டத்துக்குப் பின்னால் கரண்டியோடு நின்ற மயிலாத்தாள் நுனிக்காலில் எழும்பி எட்டிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள், பாவம்.

"என்னன்னு சொல்லுச்சு?" என்று கேட்டார் ரங்கசாமி.

"மாட்டேன்னுதுங்க."

"மாட்டேன்னா, மாட்டனுங்கன்னா?"

மாரண்ணன் யோசித்தான். "ங்க இல்லீங்க. மொட்டையாத்தானுங்க சொல்லுச்சு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வெட்ட விடமாட்டேன் என்றதில் அவர்களுக்குப் பெரிய வருத்தமில்லை. கருப்பணசாமி சன்னதியில், பெரியவர்கள் நிற்கிற இடத்தில், மாரண்ணன் வயதுக்காவது ஒரு 'ங்க' போட வேண்டாமா? வேண்டாங்க என்று சொல்லியிருந்தால் யோசித்திருக்கலாம் என்றார் ஒருவர். ரங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சாமி பேசுனா மரியாதையாப் பேசும். மரியாதை இல்லாமப் பேசறது சாமி வாக்கு ஆகாது. சொந்தப் புத்தியில பேசுது. இந்தப் பேச்சு செல்லாது. வளத்தவளக் கேளுங்க. அவ சரின்னா சரி, வேண்டாம்னா கெடாய அவுத்து உட்ருங்க. நான் எதுத்துப் பேச மாட்டேன்."

கூட்டம் விலகி வழிவிட்டது. கல்லேரிப்பாளையத்துக்கு அவள் வந்த நாளிலிருந்து முதன்முறையாக இருநூறு பேர் வேலையை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல், அதுவும் அவளே சொல்லிக் கொடுத்த சொல். கண்ணு மாலையோடு அவளைத் திரும்பிப் பார்த்தது. நாட்ராயன் கோபிக்கக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். "என்ன மயிலா, வெட்டீரலாமா?"

அவள் உதட்டைச் சேர்த்தாள். கழுத்து லேசாகச் சாய்ந்தது. மூச்சு ஒருமுறை உள்ளே போனது.

"சரிங்க."

கண்ணு அவளையே பார்த்தது. பிறந்ததிலிருந்து கேட்ட குரல், அது எதைச் சொன்னாலும் நம்பித்தான் பழக்கம். தலையிலிருந்து வால்வரைக்கும் தண்ணீர் சிதற ஒருமுறை நன்றாகத் துலுக்கியது. "துலுக்கிருச்சு!" என்று கூட்டம் கூவியது. மாரண்ணன் ஒரே வெட்டில் முடித்தான். அந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன்.

தோப்பில் பந்தி மூன்று நடந்தது. கறி பஞ்சாக இருக்கிறதென்று சொந்தக்காரர்கள் மிதுலாவின் தேர்வைப் புகழ்ந்தார்கள். நாக்கைத் தனியாக அவித்து வைத்திருந்தார்கள். பேச்சு வராத இரண்டு பிள்ளைகளின் தாய்மார்கள் விடியற்காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் இப்போது இருவரும், எதுத்துப் பேசின நாக்கு எங்கள் பிள்ளைக்கு எதுக்கு என்று பின்வாங்கிவிட்டார்கள். மாரண்ணன் கிண்ணத்தோடு முழித்தான். கடைசிப் பந்தியில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். முதல் கிடாய் பேசின நாளிலிருந்து அவள் கறி தொடுவதில்லை, இலையில் ரசம்சோறுதான் இருந்தது.

"வீணாத்தானே போகுது, நீ தின்னு மயிலா," என்றான் நாட்ராயன்.

"சரிங்க," என்றாள்.

தின்றாள். நன்றாக வெந்திருந்தது. உப்பு சரியாக இருந்தது, அவளே போட்ட உப்பு. எவ்வளவு மென்றும் தீராமல் இருந்ததைத் தண்ணீர் குடிக்காமல் முழுவதும் விழுங்கினாள். இலையை மடித்து, எழுந்து, கை கழுவினாள்.

"நாளைக்கு ரெண்டு வண்டி வருது," என்றான் நாட்ராயன். "கொட்டாயில இருக்கற அந்தச் செவலக் குட்டிய முன்னால கொண்டாந்து கட்டு."

"மாட்டேன்," என்றாள் மயிலாத்தாள்.

அவள் குரல் இல்லை அது. 'மா'வில் கொஞ்சம் கனைப்பு இருந்தது, முழுத் தொண்டையிலிருந்து வந்தது. நாட்ராயன் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொருமுறை சொன்னான். அவளும் இன்னொருமுறை சொன்னாள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்களின் வாய் நின்றது. "புருஷங்கிட்ட, ங்க இல்லாமயா?" என்றார் ரங்கசாமி.

யாரும் சொல்லவில்லை, மாரண்ணனின் கைப்பழக்கம்தான். காலையில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து அவள் தலையில் ஊற்றினான். கூட்டம் எழுந்து வந்து சுற்றி நின்றது. தண்ணீர் உச்சந்தலையிலிருந்து இறங்கி, கழுத்தில் ஓடி, ரவிக்கையை நனைத்து, முழங்கை வழியே சொட்டியது. தை மாதத்துக் காற்று தோப்புக்குள் சில்லென்று வீசியது. இரண்டாவது செம்பையும் ஊற்றினான். எல்லோரும் அவள் தோளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாமல், காத்திருக்கத் தெரிந்தவர்களாக. மயிலாத்தாள் எதிரே தெரிந்த வெள்ளை வண்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்பா, இந்த ஆன்ட்டி எப்பப்பா துலுக்குவாங்க?" என்று கேட்டாள் மிதுலா.

"கொஞ்சம் பொறு அம்முணி," என்றான் கௌதமன்.

மாரண்ணன் மூன்றாவது செம்பு மொண்டு வரப் போனான். அவள் துலுக்கவில்லை.